உழைப்பவர் மூச்சுக்குக் கணக்கு வைப்பது யார்?



2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது நம் எல்லார் வாயிலும் புழங்கிய சொற்களில் ஒன்று 'என்-95'. மருந்துக்கடை வாசலில் நின்று, "என்-95 முகக்கவசம் இருக்கிறதா?" என்று கேட்காத குடும்பம் நம்மில் குறைவு. ஆனால் அந்த 'என்' எதைக் குறிக்கிறது, '95' எதைக் குறிக்கிறது, அதை முடிவு செய்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

95 என்றால், காற்றில் மிதந்து வரும் நுண்ணிய துகள்களில் நூற்றுக்குக் குறைந்தது 95-ஐ அந்தக் கவசம் தடுக்க வேண்டும் என்று பொருள். 'என்' என்றால், எண்ணெய்த் துளிகள் கலந்த காற்றுக்கு அது ஏற்றதல்ல என்று பொருள். இந்தத் தரத்தை வகுத்தது முகக்கவசம் விற்கும் கம்பெனி அல்ல. அமெரிக்க அரசு 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொடங்கிய தொழில் பாதுகாப்பு மற்றும் உடல்நல ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேலை செய்யும் இடத்தில் கெட்ட காற்றைச் சுவாசிக்க வேண்டியவர்களுக்காக உருவான அளவுகோல், கால் நூற்றாண்டுக்குப் பிறகு உலகம் முழுவதற்கும் பயன்பட்டது.

அரசு ஆராய்ச்சி என்றால் ராக்கெட், அணுசக்தி, புதிய நெல் ரகம் என்றுதான் நம் எண்ணம் ஓடுகிறது. கூலி வேலைக்குப் போகிறவரின் நுரையீரலையும் தோலையும் காதையும் முதுகையும் ஆராய்வதற்கென்றே அரசு நிறுவனங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. நம் நாட்டிலும் அவை இருக்கின்றன. அவை என்ன செய்கின்றன? காப்பித் தோட்டமும் மிளகுக்கொடியும் நிறைந்த சேர்வராயன் மலையில் வாழும் நமக்கு அவற்றால் என்ன பயன்? இதைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

சத்தமில்லாமல் வரும் நோய்

மலைக்குப் பெயர் தந்த சேர்வராயன் கோயில் மேட்டில் நின்று பார்த்தால், சுற்றிலும் நிழல்மரங்களும் அவற்றின் அடியில் காப்பிச் செடிகளும் தெரியும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அன்று முதல் இன்று வரை தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் இந்தத் தோட்டங்களில் உழைக்கிறார்கள். மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மாக்னசைட் சுரங்கங்கள் இருக்கின்றன. மாவட்டமெங்கும் கல்குவாரிகளும் கிரஷர்களும் விசைத்தறிகளும் இருக்கின்றன.

இவற்றில் நேரும் விபத்து எல்லாருடைய கண்ணிலும் படுகிறது. சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை ஏணி சாத்தி மிளகு பறிக்கிறவர் தவறி விழுந்தால் எஸ்டேட் முழுவதும் ஓடிவருகிறது. போலீஸ் வருகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, இழப்பீடு பற்றிப் பேச்சு எழுகிறது. நோய் அப்படி வருவதில்லை. இருபது ஆண்டு தூசியைச் சுவாசித்தவருக்கு ஒருநாள் ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. பத்து ஆண்டு மருந்தடித்தவருக்குத் தலைசுற்றல் வருகிறது. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

அவருடைய நோய்க்குக் காரணம் வேலைதான் என்று யாரால் சொல்ல முடியும்? தொழிலாளிக்கு அவருடைய ஓர் உடல்தான் தெரியும். அவர் நான்கு எஸ்டேட் மாறியிருப்பார். இன்றைய முதலாளிக்கு நேற்றைய கதை தெரியாது. மருத்துவர் மார்பில் குழல் வைத்துப் பார்த்து 'ஆஸ்துமா' என்றோ 'டி.பி.' என்றோ எழுதுகிறார். என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று கேட்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. ஆக மூவரும் நல்லவர்களாகவே இருந்தாலும் உண்மை மூவருக்கும் தெரியாமல் போகிறது.

அந்த உண்மை தெரிய வேண்டுமானால் ஒரே வேலையைச் செய்யும் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாதவர்களோடு அவர்களை ஒப்பிட வேண்டும். பல ஆண்டு தொடர வேண்டும். அதற்கு வேலியைத் தாண்டி உள்ளே போகும் அதிகாரம் வேண்டும். லாபம் எதிர்பாராத பணம் வேண்டும். தனியொரு தொழிலாளியாலோ தனியொரு முதலாளியாலோ இது ஆகாது. அரசு ஆராய்ச்சி தேவைப்படும் இடம் இதுதான்.

பலப்பம் செய்தவர்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1966-இல் அகமதாபாத்தில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1970 முதல் அது தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. அதன் மண்டல மையங்கள் கொல்கத்தாவிலும், நமக்கு அண்மையில் பெங்களூருவிலும் உள்ளன. ஆலைகளின் பாதுகாப்பை ஆய்வதற்கென மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மும்பையில் மத்தியத் தொழிலாளர் நிறுவனமும், சென்னைத் தரமணியில் அதன் மண்டல நிறுவனமும் இயங்குகின்றன.

அகமதாபாத் நிறுவனம் செய்த பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு. நாம் சிறுவயதில் சிலேட்டில் எழுதிய பலப்பம் நினைவிருக்கிறதா? அது மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதியில் சிறு சிறு பட்டறைகளில் கல்லை அறுத்துச் செய்யப்பட்டது. அறுக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கிவிடும். உடல் அதைக் கரைக்க முடியாமல் அதைச் சுற்றி வடுக்கட்டும். வடு பெருகப் பெருக நுரையீரல் விரிந்து சுருங்க இயலாமல் போகும். இதுவே சிலிக்கோசிஸ். இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளர்ந்துகொண்டே போகலாம். காசநோயும் இவர்களை எளிதில் தொற்றும். எனவே பலருக்கு டி.பி. என்றே சீட்டு எழுதப்படும்.

நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தப் பட்டறைகளுக்குச் சென்று காற்றில் உள்ள தூசியை அளந்தார்கள். 593 தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. இந்த முடிவு 1985-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதற்கு முன்னும் அந்த ஊர்களில் ஆண்கள் இளவயதில் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். மனைவியரும் தாய்மாரும் அதை அறிந்துதான் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கண்ணீரை எந்த அலுவலகமும் கோப்பில் சேர்க்கவில்லை. எண்ணிக்கை வந்த பிறகுதான் அது நாட்டின் செய்தியாயிற்று. இதுபோலவே, நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் சென்று உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில் 1940-களில் செய்த ஆய்வுகள்தாம் இந்தியாவில் இந்நோய் பெருமளவில் உண்டு என்பதை முதலில் நிறுவின.

சிலிக்கா தூசிக்கு ஆய்வுகள் காட்டும் வழி கடினமானதல்ல. கல்லை ஈரப்படுத்தி அறுப்பது, தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுப்பது, அந்த இடத்தை மூடி வைப்பது. முகக்கவசம் இவற்றுக்குப் பிறகுதான். தலையில் கட்டும் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டால் போதும் என்பது நம் ஊர்க் கிரஷர்களில் இன்றும் உள்ள நம்பிக்கை. உயிரைக் குடிக்கும் நுண்துகளுக்குத் துணியின் இழை இடைவெளி அகன்ற வாசல் போன்றது.

எண்ணிக்கையும் சான்றும் இல்லாவிட்டால் நீதிமன்றமும் கைகொடுக்க இயலாது. மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மக்கள் பலர் குஜராத்தின் கோத்ரா பகுதியில் கற்பொடி ஆலைகளுக்கு வேலைக்குப் போய், சிலிக்கோசிஸ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி இறந்தார்கள். இறந்தவர் யார், எங்கே வேலை செய்தார், என்ன நோய் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப்பட்டதால், தேசிய மனித உரிமை ஆணையம் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது.

முந்திரித் தோட்டத்து மழை

கல்லும் தூசியும் நமக்குத் தூரம் என்று நினைக்கிறவர்கள் அடுத்த எடுத்துக்காட்டைக் கவனிக்கட்டும். இது தோட்டத்தில் நடந்தது.

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் 4,500 எக்டேருக்கும் மேல் பரவியுள்ளன. தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்க 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அங்கே ஹெலிகாப்டரிலிருந்து என்டோசல்பான் தெளித்தார்கள். மருந்து மரத்தில் மட்டுமா விழும்? ஓடையிலும் கிணற்றிலும் பள்ளி முற்றத்திலும் விழுந்தது. பத்ரே என்னும் சிற்றூரில் மருத்துவம் பார்த்த மோகன குமார், தம்மிடம் வரும் குழந்தைகளில் மூளை வளர்ச்சிக் குறைவும் உடல் ஊனமும் மிகுதியாக இருப்பதைக் கண்டு எழுதினார். வேளாண் துறையில் பணியாற்றிய லீலாகுமாரி அம்மா நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

அப்போது என்ன நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு தன்னார்வ நிறுவனம் செய்த பரிசோதனை, மக்களின் இரத்தத்திலும் நீரிலும் நஞ்சு மிகுந்திருக்கிறது என்றது. தோட்டக் கழகம் ஏற்பாடு செய்த மற்றோர் ஆய்வு, அப்படி ஒன்றும் இல்லை என்றது. யாரை நம்புவது? தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட, அகமதாபாத் நிறுவனம் 2001-இல் நேரில் வந்து ஆய்ந்து, 2002-இல் அறிக்கை தந்தது. மருந்து தெளிக்கப்பட்ட ஊரில் 117 மாணவர்களையும், தெளிக்கப்படாத ஊரில் 90 மாணவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2003-இல் அனைத்துலக இதழில் வெளியாயிற்று. தெளிக்கப்பட்ட ஊர்ச் சிறுவர்களின் இரத்தத்தில் நஞ்சின் அளவு கூடுதலாக இருந்தது; அவர்களுடைய பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருந்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரசே அமைத்த வேறு குழுக்கள் பின்னர், என்டோசல்பானுக்கும் நோய்களுக்கும் தொடர்பில்லை என்றும் எழுதின. ஆகவே அரசு முத்திரை இருந்தால் மட்டும் அது வேதவாக்கு ஆகிவிடாது. எப்படி அளந்தோம், யாரோடு ஒப்பிட்டோம் என்பதை வெளிப்படையாக எழுதி, மற்ற அறிஞர்கள் சரிபார்க்கக் கொடுத்த ஆய்வு நின்றது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் என்டோசல்பானை விலக்க முடிவு செய்தன. அதே ஆண்டு மே 13 அன்று நம் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் மூன்று மாதத்திற்குள் தர வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தப் பணம் போய்ச் சேராததற்காக 2022-இல் அதே நீதிமன்றம் மாநில அரசைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

நம் காப்பித் தண்டில் பூசியது என்ன?

இப்போது நம் மலைக்கு வருவோம். அராபிகா காப்பிக்குப் பெரும் எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான். வண்டு பட்டையில் முட்டையிடும். புழு தண்டைக் குடைந்து உள்ளே போகும். செடி மஞ்சளாகி வாடும். இதைத் தடுக்கத் தண்டின் பட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டு மருந்து பூசுவது வழக்கம். பல ஆண்டுகளாக அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்து லிண்டேன். காப்பிச் செடியின் உயரம் நம் மார்பளவுதான். பூசுகிறவர் முகம் செடியோடு செடியாக இருக்கும். கையுறை போட்டால் வேலை ஓடாது என்று கழற்றி வைத்தவர்களும் உண்டு. கையுறையே கொடுக்கப்படாதவர்களும் உண்டு.

இந்தியா 2011-இல் லிண்டேன் தயாரிப்பை நிறுத்தியது. 2013 மார்ச்சுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தவும் தடை விதித்தது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் ஒருவகைப் புற்றுநோய், லிண்டேனைக் கையாண்ட வேளாண் மக்களிடம் 60 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது என்பது அதற்குச் சான்று.

அந்தச் சான்று எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்யப்பட்ட ஆய்வுகளிலிருந்து. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் 1993 முதல் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடிப்பவர்களும் அவர்களுடைய துணைவர்களுமாக ஏறத்தாழ 89,000 பேரைச் சேர்த்து, யார் எந்த மருந்தை எத்தனை நாள் கையாண்டார் என்று எழுதிவைத்து, அவர்களுடைய உடல்நலத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகின்றன. அங்கே ஒரு விவசாயிக்கு வந்த நோய் கணக்கில் ஏறியது. அந்தக் கணக்கு நம்மையும் காத்தது. அதற்காக நன்றி சொல்வோம். ஆனால் சேர்வராயன் மலையில் அதே மருந்தைப் பூசிய கைகளின் கணக்கை நாம் யாரிடம் போய்க் கேட்பது? அவர்களில் யாருக்கு என்ன நோய் வந்தது, யார் எத்தனை வயதில் இறந்தார் என்பது அந்த வெளிநாட்டு ஏடுகளில் இல்லை. இன்று லிண்டேனுக்குப் பதிலாக வேறு மருந்துகள் வந்துவிட்டன. அவற்றைப் பற்றிய கணக்கையாவது இங்கேயே தொடங்க வேண்டாமா?

ஆய்விலிருந்து சட்டம் வரை

ஆய்வு எப்படிச் சட்டமாகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்த அளவுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது, இந்த அளவுக்கு மேல் இரைச்சல் இருக்கக் கூடாது என்ற வரம்புகள் ஆய்விலிருந்து வருகின்றன. எந்தெந்த நோய் வேலையால் வருவது என்ற பட்டியலும் ஆய்விலிருந்து வருகிறது. பட்டியலில் நோயின் பெயர் இருந்தால், மருத்துவர் அதை அரசுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்; தொழிலாளி இழப்பீடு கேட்கும் வழியும் எளிதாகிறது. பெயர் இல்லையென்றால், தம் நோய் வேலையால் வந்தது என்பதை அந்த ஏழைத் தொழிலாளியே நிரூபிக்க வேண்டும். எப்படி முடியும்?

இணைச்சட்ட நூலில் ஒரு சிறு விதி உண்டு. புது வீடு கட்டுகிறவர், யாரும் விழுந்துவிடாதபடி மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்பது அது (22:8). அந்த விதி எழுவதற்கு முன் யாரோ விழுந்திருப்பார்கள். அதை யாரோ கவனித்திருப்பார்கள். பாதுகாப்புச் சட்டம் எல்லாமே இப்படித்தான் பிறக்கின்றன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உடல்நலத்துக்குக் கேடு செய்யாத பணியிடம் தொழிலாளரின் உரிமை என்று கற்பித்தார். 2022-இல் உலகத் தொழிலாளர் அமைப்பும் இதை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது.

நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் எல்லாம் அதில் இருந்தன. பூச்சிமருந்தைக் கையாளும்போது பாதுகாப்பு பற்றிய தனி அத்தியாயம் 2010-இல்தான் சேர்க்கப்பட்டது. இடையில் 59 ஆண்டுகள். இன்று அந்தச் சட்டத்திற்குப் பதிலாக, 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. மருந்து கையாளுதல் பற்றிய பிரிவு அதிலும் உண்டு. குறிப்பிட்ட வயதைக் கடந்த தொழிலாளருக்கு முதலாளி ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை செய்து தர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்துள்ளது.

ஆனால் பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும், 'தோட்டம்' என்று எண்ணப்பட 5 எக்டேராவது இருக்க வேண்டும். நம் மலையில் ஓரிரு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் எத்தனை! அவர்களே முதலாளி, அவர்களே தொழிலாளி. முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தடிப்பவரும் அவரே, மரமேறி மிளகு பறிப்பவரும் அவரே. தோட்டங்களுக்கான பாதுகாப்பு அவர்களைத் தொடுவதில்லை. அவர்களிடம் போக வேண்டியது ஆய்வாளர்தான்.

விளக்கை அணைத்தால்

இந்த நிறுவனங்கள் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நாம் தொடக்கத்தில் சொன்ன அமெரிக்க நிறுவனத்திலேயே 2025 ஏப்ரலில் ஊழியர்களில் பெரும்பாலோருக்குப் பணிநீக்க அறிவிப்பு கொடுக்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலைப் பரிசோதிக்கும் பணி நின்றுபோனது. ஒரு சுரங்கத் தொழிலாளி வழக்குத் தொடுத்தார். அடுத்த மாதமே அந்தப் பணியை மீட்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அறிஞர்களின் ஆராய்ச்சியைக் காக்க ஒரு தொழிலாளி நீதிமன்றம் போனார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்த எக்ஸ்ரே தமக்கு என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் நாட்டில் சுரங்கத் தொழிலாளருக்கென நாக்பூரில் தனியாக இருந்த உடல்நல நிறுவனத்தை 2019-இல் அகமதாபாத் நிறுவனத்தோடு இணைத்தார்கள். இணைந்த பிறகு சுரங்கத்திற்குப் போகும் ஆய்வாளர்கள் கூடுகிறார்களா குறைகிறார்களா என்று கேட்பது குடிமக்களாகிய நம் கடமை.

நாம் செய்யக்கூடியவை

ஆராய்ச்சி படித்தவர்களின் வேலை, நமக்கு அதில் பங்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். நாம் சொல்லும் உண்மைதான் அதற்கு மூலப்பொருள்.

முதலாவது, மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறோம், எத்தனை ஆண்டாகச் செய்கிறோம், எந்த மருந்தைக் கையாள்கிறோம் என்று அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்வோம். சீட்டில் எழுதித் தரும்படி கேட்போம். பழைய எக்ஸ்ரேயையும் சீட்டுகளையும் தூக்கி எறியாமல் வைத்திருப்போம். ஒருநாள் அதுவே சான்றாகும்.

இரண்டாவது, மருந்து டப்பாவைப் படிப்போம். அதில் உள்ள நிறக்குறி நஞ்சின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கடுமையானது. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான். மருந்தடித்தவருக்கு மயக்கமோ வாந்தியோ வந்தால், அவரோடு அந்த டப்பாவின் லேபிளையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வோம். தூசியைத் தடுக்கும் முகக்கவசம் மருந்தின் ஆவியைத் தடுக்காது என்பதையும் நினைவில் வைப்போம். காலியான டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, நம்மில் தோட்டம் வைத்திருப்பவர்கள், கிரஷர் நடத்துபவர்கள், கட்டட வேலை எடுப்பவர்கள் இருக்கிறீர்கள். ஆய்வாளர் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். தொழிலாளர் உண்மை பேசினால் வேலை போய்விடும் என்ற பயம் இல்லாதிருக்கட்டும். திருச்சபை நிறுவனங்கள் நடத்தும் தோட்டமானாலும் பள்ளிக் கட்டட வேலையானாலும் இதே அளவுகோல்தான். மற்றவர்களுக்குப் போதிக்கும் நாம் நம் வேலையாளுக்குக் கையுறை வாங்கித் தராதிருந்தால் அந்தப் போதனை எடுபடுமா?

நான்காவது, அன்பியக் கூட்டங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். நம் பகுதியில் யார் மரத்திலிருந்து விழுந்தார், யாருக்கு மருந்தடித்த பின் மயக்கம் வந்தது, யார் மூச்சுத் திணறலால் வேலையை விட்டார் என்று, குடும்பத்தாரின் ஒப்புதலோடு, தேதி போட்டு எழுதுவோம். இது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் "எங்கள் மலையில் வந்து ஆய்வு செய்யுங்கள்" என்று பெங்களூரு மையத்திற்கோ, மாவட்ட நிர்வாகத்திற்கோ, காப்பி வாரியத்திற்கோ விண்ணப்பம் எழுதும்போது நம் கையில் வெறும் வருத்தம் மட்டுமல்லாமல் விவரமும் இருக்கும். காசர்கோட்டிலும் ஒரு சிற்றூர் மருத்துவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஐந்தாவது, மக்களின் வரிப்பணத்தில் செய்யப்படும் ஆய்வு மக்களுக்குச் சொந்தமானது. அதன் முடிவை நாம் கேட்டுப் பெறலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 28-ஐ உலகம் பணியிடப் பாதுகாப்பு நாளாக நினைவுகூருகிறது. மூன்று நாள் கழித்து மே 1 அன்று நாம் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளைக் கொண்டாடுகிறோம். கருவிகளைப் பீடத்தின்முன் வைத்து மந்திரிக்கிறோம். வரும் ஆண்டு அந்தக் கருவிகளைப் பிடிக்கும் கைகளுக்கும், அந்தத் தூசியைச் சுவாசிக்கும் மார்புகளுக்கும் நம் பங்கில் யார் கணக்கு வைக்கிறார் என்று ஒருவரையொருவர் கேட்போம். விடை இல்லையென்றால், அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அன்றே தொடங்குவோம்.